தொடுகையைப் பிடிக்கும் வேதியியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு செல்லைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அந்தச் செல்லைக் கொன்ற பிறகு அறிந்தது. செல்லை உடைக்கிறோம். மையவிலக்கியில் சுழற்றுகிறோம். எதிர்ப்பொருள் ஒட்டிய நுண்மணிகளைப் போட்டு நமக்கு வேண்டிய புரதத்தை இழுத்தெடுக்கிறோம். உப்புக் கரைசலால் பலமுறை கழுவுகிறோம். அத்தனை கழுவலுக்குப் பிறகும் எந்தப் புரதம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறதோ, அதைக் கூட்டாளி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். இறுகப் பிடித்து நெடுநேரம் விடாத புரதங்களுக்கு இந்த முறை போதும். மரபணுக்களின் இயக்கத்தை நெறிப்படுத்தும் மேல்மரபியல் புரதங்களுக்குப் போதாது. ஏன் போதாது, அந்தக் குறையைத் தீர்க்க வேதியியலர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். இத்துறையில் கருவிகள் ஏராளம். எல்லாவற்றையும் அடுக்கிக்காட்டும் எண்ணம் எனக்கில்லை. நான் பெரிதும் மதிக்கும் சில சோதனைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். மனித செல் ஒன்றின் உட்கருவுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒன்றின்மேல் 147 கார இணைகள் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். அதன் பெயர் நியூக்ளியோசோம். 1997இல் ஜூரிச்சில் டிம் ரிச்மண்டின் ஆய்வகத்தில் கரோலின் லூகரும் சக ஆய்வாளர்களும் இதன் படிக அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஹிஸ்டோன்களின் வால்கள் டி.என்.ஏ. சுற்றைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். இன்னொன்று, உருளையின் தட்டையான முகத்தில் எச்2ஏ, எச்2பி என்ற இரு ஹிஸ்டோன்களின் அமில அமினோ அமிலங்கள் கூடி, எதிர்மின்சுமை கொண்ட ஒரு குழிவை அமைத்திருந்தன. அமிலத் திட்டு என்று அதைச் சொல்கிறோம். படிகத்துக்குள், பக்கத்து நியூக்ளியோசோமின் எச்4 வால் வந்து இந்தத் திட்டின்மேல் படிந்திருந்தது. உயிருள்ள செல்லிலும் அப்படித்தான் படிகிறதா, அல்லது படிகத்தில் நெருக்கி அடுக்கியதால் வந்த விபத்தா? இந்தக் கேள்விக்கு நேரடி விடை கிடைக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடைக்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

வால்களின் கதை இன்னும் பழையது. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதி ஏறினால் ஆர்.என்.ஏ. உருவாக்கம் எளிதாகிறது என்று நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே எழுதினார். அந்தத் தொகுதியை ஏற்றும் நொதி எது, இறக்கும் நொதி எது என்பது மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. 1996இல் இரண்டும் ஒரே ஆண்டில் அகப்பட்டன. ஏற்றும் நொதியை டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியிலிருந்து டேவிட் அல்லிஸ் பிடித்தார். இறக்கும் நொதியைப் பிடித்தவர் ஹார்வர்டில் இருந்த வேதியியலர் ஸ்டூவர்ட் ஷ்ரைபர். அவர் குழு பிடித்த விதம் நமக்கு முக்கியம். ட்ராபாக்சின் என்பது ஒரு பூஞ்சையின் நச்சு. அது பட்ட செல்லில் ஹிஸ்டோன்கள் அசிட்டைல் ஏறியபடியே தங்கிவிடும். அப்படியானால் அசிட்டைலை இறக்கும் ஏதோ ஒன்றை அது அடைத்துவிடுகிறது. ஷ்ரைபர் குழு அந்த மூலக்கூறைச் சற்று மாற்றித் தொகுத்து, திண்மப் பரப்பில் ஒட்டி, செல் சாற்றில் போட்டு, அதைப் பற்றிக்கொண்டு வந்த புரதத்தை அடையாளம் கண்டது. அந்தப் புரதம், மரபணுக்களை அடக்கும் வேலையில் ஏற்கெனவே அறிமுகமான ஓர் ஈஸ்ட் புரதத்தின் நெருங்கிய உறவு. தொகுப்பு வேதியியல் தூண்டில் போட்டு ஒரு துறையின் மையப் புரதத்தை மேலே கொண்டுவந்தது. வேதியியல் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஒரு வார்த்தை நம் ஊரைப் பற்றி. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை ரைபோசோமுக்காக 2009இல் நோபல் பெற்றவராகவே அறிவோம். ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் ஏற்றும் ஹாட்1 நொதியின் முப்பரிமாண வடிவத்தை 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குழுவிலும் அவர் இருந்தார். இந்தத் துறைக்கும் அவர் புதியவர் அல்லர்.

அசிட்டைல் ஏற்றும் புரதமும் இறக்கும் புரதமும் இருந்தால், ஏறியிருப்பதை உணர்ந்து செயல்படும் புரதமும் வேண்டுமல்லவா? அப்படிப்பட்டவை பல உண்டு. புரோமோடொமைன் என்ற மடிப்புக் கொண்ட புரதங்கள் அசிட்டைல் ஏறிய லைசினைப் பற்றும். குரோமோடொமைன் போன்றவை மெத்தில் ஏறிய லைசினைப் பற்றும். பற்றும் என்று சொன்னேனே தவிர, அது மிகத் தளர்ந்த பற்று. தனி வால் ஒன்றோடு ஒரு புரோமோடொமைன் கொள்ளும் பிணைப்பின் வலிமையை அளந்தால், பிரிமாறிலி பெரும்பாலும் பத்து முதல் சில நூறு மைக்ரோமோலார் வரை வரும். ஒட்டும், உடனே விடும், மறுபடி ஒட்டும். பல தளர்ந்த பற்றுகள் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் ஒரு புரதம் ஓரிடத்தில் சற்றே தங்குகிறது. இது குறையன்று. மரபணுக்களின் இயக்கத்தை நிமிடக் கணக்கில் மாற்றவேண்டிய செல்லுக்கு இறுகிப்போன கூட்டணிகள் உதவா. ஆனால் பலமுறை கழுவும் நம் முறைக்கு இது பேரிடி. முதல் கழுவலிலேயே போய்விடுகிற கூட்டாளியை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பழைய மருந்து ஃபார்மால்டிஹைடு. மீன் சந்தைச் சர்ச்சைகளில் அடிபடும் அதே ஃபார்மலின்தான். உயிருள்ள செல்மேல் அதை ஊற்றினால், தொட்டுக்கொண்டிருக்கும் புரதங்களும் டி.என்.ஏ.யும் பிணைந்து உறைந்துவிடும். பிறகு சாவகாசமாக ஆராயலாம் என்பது கணக்கு. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் இந்தக் கணக்கின்மேல் நிற்கின்றன. அது எங்கே பொய்க்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் சுருண்டு இறுகும்; அப்போது மரபணுக்களை இயக்கும் காரணிகள் அங்கிருந்து வெளியேறிவிடுகின்றன என்று பாடநூல்கள் பல ஆண்டுகள் எழுதின. ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய செல்களின் படங்கள் அப்படித்தான் காட்டின. 2016இல் ராபர்ட் ஜியனின் ஆய்வகத்தில் ஷீலா டெவ்ஸ் அதையே உயிருள்ள செல்லில் பார்த்தார். சாக்ஸ்2 போன்ற காரணிகளோடு ஹேலோடேக் என்ற சிறு புரதத்தை இணைத்து, அதில் சகப்பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் செலுத்தி நுண்ணோக்கியில் நோக்கினார்கள். காரணிகள் பிரியும் குரோமோசோம்களின் மேலேயே இருந்தன. ஃபார்மால்டிஹைடை ஊற்றியதும், கண்முன்னாலேயே அவை குரோமோசோமைவிட்டு நீங்கின. நிலையை உறையவைக்க ஊற்றிய திரவமே நிலையை மாற்றியிருக்கிறது! நொடிக்கணக்கில் வந்துபோகும் புரதத்தை, நிமிடக்கணக்கில் வேலைசெய்யும் திரவத்தால் பிடிக்கப் பார்த்ததன் பலன் இது.

ஆக, பிடிப்பது வேகமாக நடக்கவேண்டும். நாம் சொல்லும் நேரத்தில், சொல்லும் இடத்தில் நடக்கவேண்டும். வேகத்துக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கும் ஒளியைவிடச் சிறந்த விசை இல்லை. இடக் கட்டுப்பாட்டுக்கு அமினோ அமிலத்தையே மாற்றவேண்டும்.

இனி அமிலத் திட்டுக்கு வருகிறேன். மரபுக் குறியீட்டில் யு.ஏ.ஜி. என்பது 'இங்கே நிறுத்து' என்ற குறி. அந்தக் குறி வந்தால் நிறுத்தாமல் நாம் விரும்பும் செயற்கை அமினோ அமிலத்தைச் சேர்க்கும்படி டி.ஆர்.என்.ஏ.யையும் அதற்குரிய நொதியையும் மாற்றியமைக்கலாம் என்று பீட்டர் ஷுல்ட்ஸ் குழு 2001இல் பாக்டீரியாவில் காட்டியது; ஈஸ்டுக்கும் அது விரைவில் வந்துசேர்ந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹைன்ஸ் நாய்மான் குழு இதை ஈஸ்டின் ஹிஸ்டோன்களில் பயன்படுத்தியது. அவர்கள் சேர்த்தது பென்சோஃபீனோன் தாங்கிய ஃபீனைல்அலனின். கல்லூரியில் ஒளிவேதியியல் படித்தவர்கள் பென்சோஃபீனோனை மறந்திருக்க மாட்டார்கள். 365 நானோமீட்டர் புறஊதா ஒளி பட்டால் அதன் கார்போனில் தொகுதி கிளர்ந்து, சில ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் இருக்கும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, அங்கேயே புதுப் பிணைப்பை உருவாக்கும். அருகில் யாருமில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி ஒளிபட்டால் மறுபடி முயலும். டி.என்.ஏ. பெரிதும் உறிஞ்சுவது 260 நானோமீட்டர் அருகில் என்பதால், 365இல் சேதமும் ஒப்பளவில் குறைவு.

அமிலத் திட்டருகே எச்2ஏ ஹிஸ்டோனில் இந்த அமினோ அமிலத்தை வைத்து, உயிருள்ள ஈஸ்ட் செல்கள்மேல் ஒளியைப் பாய்ச்சினார்கள். பிறகு செல்லை உடைத்து, ஜெல்லில் ஓட்டி, எச்2ஏ தனியாக ஓடுகிறதா, எச்4ஓடு பிணைந்து கனத்து ஓடுகிறதா என்று பார்த்தார்கள். பிணைந்த பட்டை தெரிந்தது. 1997இன் படிகத்தில் கண்ட தொடுகை உயிருள்ள செல்லிலும் நடக்கிறது. இதோடு நின்றிருந்தால் அது வெறும் உறுதிப்படுத்தல். செல் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் ஒளியைப் பாய்ச்சியபோது, செல் பிரியும் கட்டத்தில் அந்தப் பட்டை தடித்தது. ஏன்? ஒவ்வொரு நொதியாக நீக்கிப் பார்த்தபோது ஒரு சங்கிலி வெளிப்பட்டது. முதலில் அரோரா வகை நொதி எச்3 ஹிஸ்டோனின் பத்தாவது செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அது எச்.எஸ்.டி.2 என்ற அசிட்டைல் இறக்கும் நொதியை வரவழைக்கிறது. வந்த நொதி எச்4 வாலின் பதினாறாவது லைசினில் உள்ள அசிட்டைலை இறக்குகிறது. லைசினின் நேர்மின்சுமை மீள்கிறது, வால் பக்கத்து நியூக்ளியோசோமின் அமிலத் திட்டில் போய்ப் படிகிறது, நியூக்ளியோசோம்கள் கோத்த இழையாகிய குரோமாட்டின் சுருங்குகிறது. 2014இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது. பாஸ்பேட், அசிட்டைல், வால், திட்டு என்று தனித்தனியே அறிந்திருந்த நான்கும் ஒரே செயலின் கண்ணிகள் என்று ஒரு ஜெல் பட்டையின் தடிமன் சொல்லிவிட்டது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இந்தச் சோதனையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கூட்டாளி யார் என்று ஓரளவு ஊகித்த பிறகே இது கைகொடுக்கும். யாரென்றே தெரியாத கூட்டாளிகளைப் பட்டியலிட வேறு வழி வேண்டும். அருகில் இருப்பவற்றின்மேல் பயோட்டின் குறியை ஏற்றி, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் திரட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அடையாளம் காண்பது அந்த வழி. குறி சகப்பிணைப்பாக ஏறிவிடுவதால் இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் கழுவலாம். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் அவ்வளவு எளிதில் பிரியா. 2012இல் வந்த பயோஐடி என்ற முறை, பயோட்டினை அலட்சியமாக வெளியே விட்டுவிடும் ஒரு நொதியைப் பயன்படுத்தியது. பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் குறியேற்றவேண்டும். திருவிழாவில் மஞ்சள் நீர் ஊற்றுவதுபோலத்தான். முறைமாமனும் நனைவான், அந்தப் பக்கம் தற்செயலாக வந்த தபால்காரரும் நனைவார். அடுத்தடுத்து வந்த ஏபெக்ஸ் ஒரு நிமிடத்துக்கும், 2018இன் டர்போஐடி பத்து நிமிடத்துக்கும் அந்த நேரத்தைக் குறைத்தன. எனினும் ஏபெக்ஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும், அது செல்லுக்கு உகந்ததன்று. மேலும் இந்த நொதிகள் தனி ஹிஸ்டோன் ஒன்றைவிடப் பருமனானவை. ஹிஸ்டோனில் தொங்கவிட்டால் அதுவே ஓர் இடையூறு.

பிரின்ஸ்டனில் டேவிட் மக்மில்லனும் டாம் மியூரும் நொதியை விட்டுவிட்டு இரிடியத்துக்கு வந்தார்கள். மக்மில்லன் 2021இல் வேறொரு பணிக்காக நோபல் பெற்றவர். மியூர் புரதங்களைத் துண்டாக்கி ஒட்டுவதில் விற்பன்னர். இரிடியம் அணைவுச் சேர்மம் நீல ஒளியை உறிஞ்சும். டையசிரீன் என்ற மூன்றணு வளையம் நீல ஒளியை உறிஞ்சாது. இரண்டும் ஏறத்தாழத் தொடும் அளவுக்கு நெருங்கினால் மட்டும் இரிடியத்தின் ஆற்றல் டையசிரீனுக்குத் தாவும். வளையம் நைட்ரஜனை உதறிவிட்டுக் கார்பீனாகும். கார்பீனின் ஆயுள் சில நானோநொடிகளே. அதற்குள் ஏதாவதொரு புரதத்தைப் பற்றவேண்டும், இல்லையேல் நீரோடு வினைபுரிந்து அடங்கிவிடும். அதனால் குறி ஏறுவது சில நானோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும். செல்லின் வெளிப்பரப்பில் இது செல்லுபடியாகும் என்று 2020இல் மக்மில்லன் குழு காட்டியது.

உட்கருவுக்குள் எப்படி? ஹிஸ்டோனின் முனையில் இன்டீன் என்ற புரதத் துண்டின் ஒரு பாதி, இரிடியத்தோடு மறுபாதி. இரு பாதிகளும் சந்தித்தால் தம்மைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறி, இரிடியத்தை ஹிஸ்டோனோடு சாதாரண பெப்டைடு பிணைப்பால் இணைத்துவிடும். இயற்கை தந்த தையல் வேலை அது. 2023இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில் இந்த வழியாக இரிடியத்தை ஏற்றி, சாதாரண எச்2ஏ ஹிஸ்டோனின் அண்டை அயலையும், 92ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறிய எச்2ஏயின் அண்டை அயலையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோய்களில் காணப்படும் இந்த மாற்றம் விழும் இடம் எது தெரியுமா? அதே அமிலத் திட்டு. ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மின்சுமை மாறினால் எவையெல்லாம் விலகுகின்றன, எவையெல்லாம் நெருங்குகின்றன என்று பட்டியலாகவே பார்க்க முடிந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. இரிடியத்தை ஏற்ற உட்கருவைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்தே செய்தார்கள். குரோமாட்டின் தன் இடத்தில் குலையாமல் இருந்தது உண்மை. செல் முழுமையாக உயிரோடு இருந்தது என்று சொன்னால் அது மிகை. 'உயிருள்ள செல்லில்' என்ற சொற்றொடரை ஆய்வுக்கட்டுரைத் தலைப்பில் பார்த்தால், செய்முறைப் பகுதிக்குப் போய் எந்தப் படியில் செல் உடைகிறது என்று தேடிப்பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இதுவரை சொன்னவை தொடுகையைப் பிடிக்கும் கருவிகள். தொடுகையைக் கலைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. இங்கே ஜே.க்யூ.1 என்ற மூலக்கூறைத் தாண்டிப் போக முடியாது. 2010இல் பாஸ்டனின் டானா-ஃபார்பர் நிலையத்தில் ஜேம்ஸ் பிராட்னரும் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபன் நாப்பும் தம் குழுக்களோடு வெளியிட்டது. தொகுத்த வேதியியலர் ஜுன் சீயின் (Jun Qi) பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். பி.ஆர்.டி.4 என்ற புரதத்தின் புரோமோடொமைன் குழிக்குள் அசிட்டைல் லைசின் உட்காரும் இடத்தில் இது போய் உட்காரும். நட் கார்சினோமா என்ற கொடிய, அரிய புற்றுநோயில் 15ஆம், 19ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, பி.ஆர்.டி.4ஐயும் நட் என்ற புரதத்தையும் ஒட்டிவிடுகின்றன. அதற்குத்தான் முதலில் குறிவைத்தார்கள்.

செல்லுக்குள் மருந்து வேலைசெய்கிறது என்று எப்படித் தெரிந்தது? பி.ஆர்.டி.4ஓடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து, உட்கருவில் ஒரு சிறு வட்டத்தில் லேசரைப் பாய்ச்சி நிறத்தை அழித்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்து பச்சைப் புரதங்கள் வந்து அந்தக் கறுத்த வட்டம் மீண்டும் நிரம்பும். குரோமாட்டினைப் பற்றியிருக்கும் புரதம் மெல்ல வரும். பற்று விட்ட புரதம் விரைந்து வரும். 500 நானோமோலார் ஜே.க்யூ.1 சேர்த்ததும் வட்டம் விரைந்து நிரம்பியது. மூலக்கூறின் ஆடிப் பிம்ப மாற்றியத்தைச் சேர்த்தபோது அந்த வேகம் வரவில்லை. அதே அணுக்கள், அதே நிறை, அதே கரைதிறன். வலக்கை இடக்கை வேறுபாடு மட்டும். ஜே.க்யூ.1இன் புகழுக்கு அதன் வீரியத்தைவிட இந்த இரட்டையே காரணம் என்பது என் கருத்து. செல்லில் ஒரு விளைவைக் கண்டு, அதன் இரட்டையிடம் அந்த விளைவைக் காணாதபோதுதான் 'இது பி.ஆர்.டி.4 வழியாக நடந்தது' என்று வாய்திறக்கவே உரிமை வருகிறது. பிராட்னர் இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். உடலில் விரைவில் சிதைவதால் ஜே.க்யூ.1 மருந்தாகவில்லை. கருவியாக அது செய்த வேலை, பல மருந்துகள் செய்யாதது.

இந்த இடத்தில் மஞ்சளைப் பற்றிப் பேசாமல் போனால் நண்பர்கள் கேள்வி நேரத்தில் விடமாட்டார்கள். மஞ்சளின் குர்குமின், ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் ஏற்றும் பி300 நொதியைத் தடுக்கிறது என்று 2004இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குர்குமினை ஊற்றினால் செல்லில் ஏதாவது நடக்கும் என்பதில் ஐயமில்லை. சிக்கலே அதுதான், எல்லாமே நடக்கும். அது தானே ஒளிர்வதால் ஒளிர்வு அளவீடுகளைக் குழப்பும். புரதங்களின் தயோல்களோடு சகப்பிணைப்பு கொள்ளும். உலோக அயனிகளைப் பற்றும். உடலின் கார அமில நிலையில் விரைவிலேயே சிதையும். 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும், இருபுறமும் மறைத்துச் செய்த சோதனை ஒன்றில்கூட அது வெற்றிபெறவில்லை என்று 2017இல் வெளியான விரிவான மதிப்பாய்வு சொன்னது. ரசத்தில் அதன் இடத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் 'குர்குமின் சேர்த்தோம், அசிட்டைல் குறைந்தது, ஆகவே பி300தான்' என்று வரும் ஆய்வேட்டில் நான் கையெழுத்திடத் தயங்குவேன். கருவிக்கான தர அளவுகோல்கள் இன்று உண்டு: இலக்கை 100 நானோமோலாருக்குக் கீழே பற்றவேண்டும், நெருங்கிய உறவுப் புரதங்களைவிட முப்பது மடங்காவது தெரிவுத்திறன் வேண்டும், செல்லுக்குள் 1 மைக்ரோமோலார் அளவில் செயல் தெரியவேண்டும், செயலற்ற இணை ஒன்று உடனிருக்கவேண்டும்.

ஜே.க்யூ.1க்கும் ஒரு குறை உண்டு. பி.ஆர்.டி.2, பி.ஆர்.டி.3, பி.ஆர்.டி.4 மூன்றையும் அது வேறுபாடின்றிப் பற்றும். மூன்றில் எது எந்த வேலையைச் செய்கிறது என்று அதைக்கொண்டு பிரித்தறிய முடியாது. 2015இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் அலெசியோ சூலி குழு, ஜே.க்யூ.1ஐ ஒரு சங்கிலியால் வி.எச்.எல். என்ற புரதத்தைப் பற்றும் மூலக்கூறோடு இணைத்து எம்.இசட்.1ஐ உருவாக்கியது. வி.எச்.எல். எதை அருகில் கொண்டுவருகிறதோ அதற்கு அழிவு முத்திரை விழும். செல்லே அதைச் சிதைத்துவிடும். எம்.இசட்.1 மூன்று புரதங்களையும் பற்றியது. ஆனால் பி.ஆர்.டி.4தான் முதலில், மிகுதியாக அழிந்தது. காரணம் 2017இல் படிக அமைப்பில் தெரிந்தது: மூலக்கூறு நடுவில் நிற்க, வி.எச்.எல்.லும் பி.ஆர்.டி.4இன் புரோமோடொமைனும் ஒன்றையொன்று நேரடியாகவே தொட்டுக்கொண்டிருந்தன. இயற்கையில் கூட்டாளிகளாக அறியப்படாத இரு புரதங்களுக்கு இடையே வேதியியல் ஒரு புதிய தொடுகையை ஏற்படுத்தியிருக்கிறது. அந்தத் தொடுகை எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே எது அழியும் என்பது அமைகிறது. இதற்கும் ஓர் இரட்டை இருக்கிறது. ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி திசை மாறிய அந்த மூலக்கூறு பி.ஆர்.டி.4ஐ முன்போலவே பற்றும், வி.எச்.எல்.ஐப் பற்றாது, எதுவும் அழியாது. ஆய்வகத்துக்கு எம்.இசட்.1 வாங்க விண்ணப்பம் எழுதும்போது, அதற்கு அடுத்த வரியில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.